பச்சைக் காரின் இடது சீட்

தோஹா நஜ்மா கட்டடத்துக் கூட்டாளிகளே, போன வெள்ளிக்கிழமை நம் குரூப்பில் வந்த அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் சிரிப்பை நிறுத்துங்கள். கண்காட்சியில் நிற்கிற பச்சைக் காருக்குள் மாமா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் நான். மாமா என் பக்கம் திரும்பி "போலாமா புள்ள?" என்று கேட்கிறார். அத்தோடு வீடியோ முடிகிறது. அதன் கீழே கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக. "போலாம் அக்கா மறுபடியும் டூட்டியில சேர்ந்துட்டாங்க" என்று ஒருத்தர். "மாமா, இந்தத் தடவையாவது அவ பேச்சைக் கேக்காதீங்க" என்று இன்னொருத்தர். ஐம்பதைத் தாண்டியாயிற்று, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற வயது, இன்னும் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்கள்.

எனக்குக் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இவள் ஏன் இப்படிப் பொரிந்து தள்ளுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டாம். வீடியோ நின்ற பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் சொல்கிற மாதிரி அல்ல, நடந்த மாதிரி. காரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் நம் கட்டடத்து ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் உடனே படம் தேடப் போய்விடுவார்கள், நான் சொல்ல வந்தது காற்றில் போய்விடும்.

மாமா எனக்கு ரத்த உறவு கிடையாது. உங்களில் அவருடைய பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. எதிர் ஃபிளாட்டில் இருந்தார், கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு, வெள்ளைக்காரர்களிடம் தடுமாறாமல் இங்கிலீஷ் பேசுவார். நம் அப்பாக்களில் பாதிப் பேருக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் விசா வந்தது. என் அப்பாவுக்கும் அப்படித்தான். அதனால் கட்டடத்தில் கல்யாணப் பேச்சிலிருந்து தண்ணீர்த் தொட்டிச் சண்டைவரை அவர் சொன்னதுதான் முடிவு.

அந்தக் கார் ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் நம் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்றது. கம்பெனியின் வெள்ளைக்கார சார் நீண்ட லீவில் ஊருக்குப் போனார். போகும்போது காரை மாமா பொறுப்பில் விட்டுப் போனார். வாரம் ஒருமுறை ஓட்டவேண்டும், பேட்டரி இறங்கக் கூடாது, அவ்வளவுதான் உத்தரவு. மாமாவுக்கு அது போதும். மறுநாளே அந்தக் காரின் ஜாதகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். சாயந்தரம் நம்மையெல்லாம் சுற்றி நிற்கவைத்து ஒப்பிப்பார்.

"மூணு லிட்டர் இன்ஜினு. ஆறு சிலிண்டரு. ரெண்டு கார்புரேட்டரு. நாலு கியரு, அதுக்கு மேல ஓவர்டிரைவு. முன்னாடி டிஸ்க் பிரேக்கு, பின்னாடி டிரம்மு. நூத்தியிருவது மைலு போவும். கிலோமீட்டர் இல்லடா, மைலு!"

இங்கிலாந்தில் பத்து வருஷம் போலத்தான் அந்த வண்டியைச் செய்தார்களாம். செய்ததில் பெரும்பங்கு ஸ்டீரிங்கை இடப்பக்கம் மாற்றி வைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அமெரிக்காக்காரன் புகைக்கும் பாதுகாப்புக்கும் புதுச் சட்டம் போட்டதும் இங்கிலாந்து ஃபேக்டரியில் கதை முடிந்தது. தங்கள் ஊருக்கென்று அவர்கள் வைத்துக்கொண்ட கொஞ்சத்தில் ஒன்றுதான் சாருடைய கார், அதனால்தான் அதற்கு வலப்பக்க ஸ்டீரிங். மலைப்பாதைப் பந்தயங்களில் பெரிய பெரிய வண்டிகளையெல்லாம் தோற்கடித்த ஜாதி என்பார் மாமா. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். பொய் சொல்லக் கூடாதல்லவா, எனக்கும் அந்தக் காரின் மேல் உயிர்.

கம்பிச் சக்கரங்களை வெள்ளிக்கிழமை காலையில் நாம்தான் பழைய டூத்பிரஷால் தேய்ப்போம். சக்கரத்துக்கு நடுவில் இரண்டு காது வைத்த பெரிய நட்டு இருக்கும், அதில் நம் முகம் அகலமாகத் தெரியும். சீட்டுத் தோலில் சிகரெட் வாசனையும் பழைய செருப்புக் கடை வாசனையும் கலந்து அடிக்கும். கார் தரையோடு தரையாக இருந்ததால் வேகத்தடை வந்தால் அடிவயிற்றில் சைலன்சர் உரசும், பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் மாமா தாண்டுவார். இன்ஜின் சூடு முழுக்கக் கால் வைக்கிற இடத்துக்கு வந்துவிடும். குளிர்காலத்திலேயே உள்ளங்கால் வெந்தது. மாமா எனக்காக ஒரு கோணிச் சாக்கை நனைத்து மடித்துப் போடுவார், துக்கான் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் பாதித் தூரம் போவதற்குள் அது காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும்.

ஏன் எனக்காக என்று கேட்டால், இடது சீட் என்னுடையது. அந்தச் சீட்டின் கதை உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். புரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டீர்கள்.

நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கமாகப் போகும், டிரைவர் வலப்பக்கம் உட்காருவார். முன்னால் போகிற லாரியை முந்த வேண்டுமானால் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், எதிரே வருவது அவருக்கே தெரிந்துவிடும். தோஹாவில் வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன. இங்கே வலப்பக்க ஸ்டீரிங் வண்டியில் உட்காருகிறவன் ரோட்டின் ஓரத்தில் இருக்கிறான். முன்னால் லாரி வந்துவிட்டால் அதன் முதுகைத் தவிர அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எதிரே வருவது தெரிகிற இடம் இடது சீட்டுதான். அப்போது துக்கான் ரோடு போக ஒரு பாதை, வர ஒரு பாதை, நடுவில் ஒரு கோடு மட்டும். பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துச் சொல்லாமல் மாமாவால் ஒரு கழுதை வண்டியைக்கூட முந்த முடியாது.

முதலில் மாமா தன் மகனைத்தான் உட்காரவைத்தார். அவன் வாந்தி எடுத்தான். (நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.) மேல்மாடி அண்ணனை உட்காரவைத்தார். அண்ணன் பயத்தில் காலி ரோட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு "நில்லுங்க, நில்லுங்க" என்றார். மூன்றாவதாக நான். எனக்குப் பத்து வயது, பயம் கிடையாது, கானல் நீரில் மிதந்து வருகிற புள்ளி லாரியா ஒட்டகமா என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். மாமா மகிழ்ந்துபோய் சூக் கடைத்தெருவில் எனக்கு மஞ்சள் பிளாஸ்டிக் பிரேம் போட்ட ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. மாமா "போலாமா புள்ள?" என்று கேட்பார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து பார்ப்பேன். வருவதென்றால் "நில்லுங்க". வரவில்லையென்றால் "போலாம்". "போலாம்" சொன்ன பிறகு மாமாவின் கை டாஷ்போர்டில் இருக்கிற ஒரு சின்ன சுவிட்சுக்குப் போகும். டக். அது ஓவர்டிரைவ் சுவிட்சு. நீண்ட ரோட்டில் இன்ஜினை ஆசுவாசமாக ஓடவிடுகிற ஏற்பாடு அது. முந்த வேண்டுமானால் அதை அணைக்கவேண்டும், அப்போதுதான் வண்டி கயிறு அறுத்த கன்று போல் பாயும். கேள்வி, பதில், அதற்குப் பிறகு டக். அந்தக் குளிர்காலம் முழுக்க இந்த வரிசை ஒருநாளும் மாறவில்லை. காரின் கண் நான்தான் என்று அம்மாவிடம் பீற்றிக்கொள்வேன்.

சார் திரும்பி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை மாமா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு துக்கான் கடற்கரைவரை போனார். திரும்பும்போது காற்று எழுந்து மணலைக் கிளப்பியது. கட்டடத்தில் யாருக்கோ வழியனுப்பு விருந்து, பிரியாணி ஆறிவிடும் என்று மாமாவுக்கு அவசரம். முன்னால் ஒரு கல் லாரி மாட்டிக்கொண்டது, ஊர்ந்து ஊர்ந்து போனது.

"போலாமா புள்ள?"

"நில்லுங்க மாமா. வருது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி "நில்லுங்க" என்றேன். உண்மையிலேயே வண்டிகள் வந்துகொண்டிருந்தன, நான் என்ன செய்ய? மூன்றாம் தடவை கேட்டபோது தூரத்தில் ஒரு பிக்கப் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. "நில்லுங்க மாமா, பிக்கப்பு!" என்று கத்தினேன்.

"எப்பக் கேட்டாலும் நில்லுன்னுதான் சொல்ற" என்றார் மாமா. டக் என்ற சத்தம் கேட்டது.

பிக்கப்காரர் எங்களைப் பார்த்து வண்டியைத் தன் வலப்பக்கம் ஒடித்தார். அவருடைய வண்டியின் பக்கக் கண்ணாடி என் பக்கத்து மட்கார்டை உரசிக்கொண்டு போனது, கையை நீட்டியிருந்தால் போயிருக்கும். நாங்கள் லாரியைத் தாண்டிவிட்டோம். திரும்பிப் பார்த்தால் பிக்கப் மணலில் இறங்கிப் புரண்டு கிடந்தது. தக்காளிப் பெட்டிகள் உடைந்து ரோடெல்லாம் தக்காளி. மாமா வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். லாரியிலிருந்து பாகிஸ்தான் பட்டாணியர் இரண்டு பேர் குதித்து ஓடினார்கள். "ஜல்தி, பாய், ஜல்தி!" நானும் ஓடினேன். ஒரு செருப்பும் கறுப்புக் கண்ணாடியும் மணலோடு போயின. வண்டிக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு கிடந்தவர் "யம்மா, யம்மா" என்று அலறினார். அதில்தான் அவர் நம் ஆள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் மாமா இறங்கி வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"புள்ள, நீ போலாம்னுதானே சொன்ன?"

"இல்ல மாமா. நில்லுங்கன்னு சொன்னேன்."

"இல்லடா கண்ணு. பயத்துல உனக்கு மறந்துபோச்சு. போலாம்னு சொன்ன. மாமா அதக் கேட்டுத்தான் எடுத்தேன்."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். இன்றைக்கும் எனக்குப் பொறுக்காதது அந்த அன்புதான். அதட்டியிருந்தால் நானும் எதிர்த்துக் கத்தியிருப்பேன்.

போலீஸ் வந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாயந்தரம் கட்டடத்தில் பிரியாணிப் பாத்திரத்தைச் சுற்றி எல்லாரும் நிற்க, மாமா கதையைச் சொன்னார். பாதியில் அழவும் செய்தார். "பச்சப்புள்ள சொல்ல நம்பி எடுத்தது என் தப்புதான்" என்றார். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்கிற மாதிரி என் மேல் போட்டுவிட்டார். பெண்கள் எல்லாரும் மாமாவைத் தேற்றினார்கள். என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அன்றைக்குப் பழியையும் பாவத்தையும் சேர்த்துப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கினார்கள்.

அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். "நில்லுங்கன்னுதாம்மா சொன்னேன்." அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இத வெளிய யார்கிட்டயும் சொல்லித் தொலையாத. மாமா பொய் சொல்வாரா?" என்றாள்.

சார் ஊரிலிருந்து வந்தார். மட்கார்டில் இருந்த கீறலின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். மாமா இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னார், சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார். சார் என் தலையைத் தட்டிக்கொடுத்து ஏதோ ஆறுதல் சொன்னார். கம்பெனியிலும் போலீசிலும் சார் மாமாவுக்காகப் பேசினார், குழந்தையின் தவறு, இவர் நல்ல டிரைவர் என்று. கலாஸ், அதோடு முடிந்தது, மாமாவின் வேலை தப்பியது. சாரின் கார் கொஞ்ச நாளில் கப்பலேறிப் போனது.

ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது உங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க மாமான்னு சொல்லு, போதும், வேற பேசக்கூடாது" என்று லிஃப்டில் சொல்லிக் கொடுத்தார். பிக்கப்காரர் ராமநாதபுரம் பக்கத்து ஆள். முட்டிக்குக் கீழே இடது கால் இல்லை, போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

"மன்னிச்சுக்கங்க மாமா" என்றேன்.

"அட, அழுவாத பாப்பா" என்றார் அவர். "சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்? எத்தனாங் கிளாஸு படிக்கிற?"

சொன்னேன். நாங்கள் கொண்டுபோன ஆரஞ்சிலேயே ஒன்றை எடுத்து உரித்து, நாரெல்லாம் நீக்கி, என் கையில் கொடுத்தார். நில்லுங்கன்னு சொன்னேன் மாமா என்று தொண்டைவரை வந்தது. அப்பாவின் கை இன்னும் தோளிலேயே இருந்தது. நான் அந்த ஆரஞ்சைத் தின்றேன். இன்றுவரை எங்கள் வீட்டில் ஆரஞ்சு வாங்குவதில்லை. என் பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது. ஒரு மாதத்துக்கெல்லாம் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு நீங்கள். மாடிப்படியில் நான் இறங்கினால் "போலாம் வருது, ஓரமா நில்லுங்க" என்பீர்கள். கண்ணாமூச்சி விளையாட்டில் என்னைச் சேர்க்கமாட்டீர்கள், "இவ சொன்னா கால் போயிடும்" என்று. நீங்களும் சின்னப் பிள்ளைகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபதை எட்டிப் பார்க்கிற வயதிலும் அதே பெயரா?

அந்த ஜூனில் என்னைத் திருச்சியில் ஒரு ஹாஸ்டலில் சேர்க்க அனுப்பினார்கள். "இங்க இருந்தா எல்லாரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. படிப்பு கெட்டுடும்" என்று அப்பாவிடம் யோசனை சொன்னதே மாமாதான். ஏர்போர்ட்டுக்கு அவர் வண்டியில்தான் போனோம். என் பெட்டியைத் தானே தூக்கி எடை மெஷினில் வைத்தார். தம்பி இங்கேயே அம்மா மடியில் வளர்ந்தான், நான் அங்கே மணியடித்தால் சாப்பிட்டு மணியடித்தால் படித்து வளர்ந்தேன்.

இதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று நடந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரெல்லாம் ஒன்றையே சொன்னால் கல்லும் கரையுமே. ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்த மூன்றாம் தடவையை நினைத்துப் பார்ப்பேன். நில்லுங்க என்றேனா, போலாம் என்றேனா? இரண்டுமே என் குரலில் கேட்கும். ஒரு வருஷம் ஒன்று நிஜமாகத் தோன்றும், மறு வருஷம் மற்றொன்று. ஒரு மனிதனின் காலை நான்தான் எடுத்தேனா இல்லையா என்று தெரியாமலே படித்து முடித்தேன், கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன். வீட்டுக்காரருக்கு வேலை இங்கேயே அமைய, சுற்றிச் சுற்றி அதே தோஹாவுக்கு வந்தேன். இங்கே லைசென்ஸ் எடுத்தேன். இங்கத்து வண்டிகளில் டிரைவர் சீட் இடப்பக்கம். அதே இடம், அதே பார்வை, முன்னால் ஸ்டீரிங் மட்டும் கூடுதல். இத்தனை பாதை போட்ட ரோட்டிலும் நான் ஒரு லாரியை முந்துவதற்குள் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்துவிடும். வீட்டுக்காரர் சிரிப்பார்.

அப்பா கண்மூடுவதற்கு முந்தின வருஷம் கேட்டேன். "அன்னைக்கு நீங்க மாமாவ நம்புனீங்களாப்பா?" அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நம்புறதவிட வேற என்ன முடியும் நமக்கு" என்றார். அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இருக்கிறது.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். மாமா மகனைப் பார்க்க விசிட்டில் வந்திருக்கிறார், எண்பது வயது, காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கல்லுக்குண்டு. பழைய கார் கண்காட்சிக்குப் போகலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே அதே ஜாதிக் கார், அதே பச்சை, அதே வலப்பக்க ஸ்டீரிங். முன்னால் ஒரு பலகையில் இன்ஜின், சிலிண்டர், வேகம் எல்லாம் எழுதியிருந்தது. மாமா பலகையைப் பார்க்காமலே அத்தனையும் ஒப்பித்தார். காருக்குச் சொந்தக்கார அரபிப் பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "யல்லா, யல்லா" என்று கயிற்றை விலக்கி மாமாவை உள்ளே உட்காரவைத்தார். மாமா மகன் என்னையும் தள்ளினான். "உக்காருங்கக்கா, பழைய டூட்டி!" போனை எடுத்துக்கொண்டான். நான் மாட்டேன் என்றேன். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். அதே தோல் வாசனை.

"போலாமா புள்ள?" என்றார் மாமா.

அந்த நேரம் பார்த்து மகனுக்கு ஏதோ அழைப்பு வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். நீங்கள் பார்த்தது அதுவரைதான்.

"நில்லுங்க" என்றேன்.

மாமா சிரித்துக்கொண்டே கையை நீட்டி அந்த சுவிட்சைத் தட்டினார். டக்.

என் உடம்பு முழுக்க அந்தச் சத்தம் போனது. சந்தேகமெல்லாம் ஓடிவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான், நில்லுங்க என்ற சொல்லுக்குப் பின்னால்தான் அந்த டக் விழுந்தது. பிக்கப் என்று கத்தினேன், அதற்கு மேலேதான் விழுந்தது.

"மாமா, அன்னைக்கும் நில்லுங்கன்னுதான் சொன்னேன்" என்றேன். மந்தக் காதுக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

மறந்துபோச்சு கண்ணு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கட்டைவிரலால் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தெரியாம என்ன. அப்ப உண்மையச் சொல்லியிருந்தா என்னைப் பிளேன் ஏத்தியிருப்பாங்க புள்ள. மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நீ சின்னப் பொண்ணு. உன்ன யாரு என்ன பண்ணிரப் போறாங்கன்னு நெனச்சேன்."

"என்னத்தானே மாமா பிளேன் ஏத்துனீங்க?"

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நடிப்பு இல்லை, நிஜமாகவே யோசித்தார். "அது உன் படிப்புக்காகத்தானே?" என்றார்.

பிறகு இறங்க வேண்டும், கார் தாழ்வாக இருக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்று கையை நீட்டினார். நானும் சுற்றி வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். வளர்த்த வளர்ப்பு அப்படி. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கையைக் கழுவினேன்.

கூட்டாளிகளே, மாமாவைத் திட்டச் சொல்லி இதை எழுதவில்லை. திட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாம், பாதிப் பேர் இதைப் படித்துவிட்டு வாயைத் திறக்கமாட்டீர்கள் என்றும் தெரியும். பெயரை மட்டும் நிறுத்துங்கள். நான் போலாம் இல்லை. அன்றைக்கு அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டிலில் ஒற்றைக் காலோடு படுத்துக்கொண்டு ஒருத்தர் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்து மன்னித்தார். அது எனக்குச் சேரவேண்டியதே இல்லை. ஒரு குழந்தை சொல்லித்தான் தன் கால் போனது என்று நம்பிக்கொண்டே அவர் ஊருக்குப் போனார். உயிரோடு இருந்தால் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார். அந்தக் காருக்கு எத்தனை சிலிண்டர், எத்தனை கார்புரேட்டர் என்று கேட்டால் நம் கட்டடத்தில் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். அவரைப் பிக்கப் ஆளு என்பதற்கு மேல் நம் வீடுகளில் யாரும் சொன்னதில்லை.

உங்களில் அப்பாவோ அம்மாவோ இன்னும் இருக்கிறவர்கள் போய்க் கேளுங்கள். தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த ராமநாதபுரத்துக்காரரை அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். காரின் பெயரை யாரும் குரூப்பில் போட வேண்டாம். எனக்கு அந்த ஆளின் பெயர் வேண்டும்.